நேர்முகத்துக்குப் போகாதவர்

அன்று ரஞ்சன் வீட்டு பேஸ்மென்றில் இருந்தவர்கள் நான்கு பேர். ரஞ்சன், வீடும் கொம்பியூட்டரும் அவனுடையவை. குலம், மட்டக்களப்பான், வோபர்னில் நாங்கள் இருந்த கட்டடத்திலேயே மூன்றாம் மாடிக்காரன். நான். பிறகு அவர். மேலே ரஞ்சனின் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கீழே இறங்கவில்லை என்பதால் சேர்க்கவில்லை. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஞாயிறு மத்தியானம் அவர் தன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தபோது பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். பிறகு யாராவது வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டும் என்றால், அது எங்கள் மூவரில் ஒருவராகத்தான் இருந்திருக்கவேண்டும்.

அவருடைய பெயரை எழுத எனக்கு மனமில்லை. நாங்கள் அண்ணை என்றே கூப்பிட்டோம். எங்களைவிடப் பத்து, பன்னிரண்டு வயது கூடியவர். நானும் அவரும் ஓர் அறையைப் பங்கு போட்டு மூன்று வருடம் இருந்தோம்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ரெலிபோன் வயரைக் கொம்பியூட்டரில் சொருகினால் கொஞ்சநேரம் கீச்சிட்டு, கரகரத்து, பிறகு ஓர் ஆகாயம் திறக்கும். அமெரிக்காவில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதற்குள் வந்து, பழைய உலகப் போர்க்காலத்து காற்றாடி விமானங்களில் ஏறி, ஒருவரையொருவர் சுட்டு விழுத்துவார்கள். மணிக்கு இரண்டு டொலர். ரஞ்சனின் கிரெடிட் காட்டில் ஒரே ஒரு கணக்கு. நாங்கள் நான்கு பேரும் மாறி மாறி அதில் பறப்போம். யார் எத்தனை மணிக்கு ஏறினான், எத்தனை மணிக்கு இறங்கினான் என்று கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதவேண்டும். மாதமுடிவில் பில் வந்ததும் ரஞ்சன் பிரித்துச் சொல்வான். வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும். ரஞ்சனும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தாலும் நாங்கள் போய் வரலாம். மில்லிக்கனில் வீடு வாங்கியவன் அப்படியெல்லாம் திறந்த மனதாக இருந்தது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் குதித்தவர்கள் நாங்கள் எல்லோரும். குலம் ஒருநாள் கதிரையில் சாய்ந்தபடி சொன்னான்:

"அந்த நேரம் நாம கீழ கிடந்தம். இப்ப காசு குடுத்து மேல ஏறுறம். நமக்கு விசர்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆள் ஏறினான்.

அங்கே ஓயாத வாக்குவாதம் ஒன்று இருந்தது. எதிரி நேருக்கு நேர் வந்தால் என்ன செய்வது என்பதுதான். இரண்டு விமானங்களும் மூக்குக்கு மூக்காகப் பாய்ந்து வரும். இரண்டு பேருடைய துவக்கும் முன்பக்கம்தான் சுடும். மூன்று, நான்கு செக்கனுக்குள் முடிவெடுக்கவேண்டும்: அப்படியே சுட்டுக்கொண்டு போவதா, விலகுவதா. ரஞ்சன் அதை ஹெட் ஓன் என்பான். அதற்குத் தமிழில் என்ன என்று குலம் கேட்டபோது, அண்ணை யோசிக்காமலே "நேர்முகம்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்கு அது நேர்முகம்.

ரஞ்சன் நேர்முகக்காரன். ஒருநாளும் விலகமாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் மூன்று தரம் விழுந்துவிட்டான்.

"மூண்டாந்தரமும் செத்துப்போனாய்," என்றார் அண்ணை.

"அவனும்தானே அண்ணை செத்தவன்."

"அவன் செத்தால் உனக்கென்ன லாபம்? நீ இருக்கவேணுமெல்லே."

"நேர வாறவனுக்கு முன்னாலை விலகினால் பயந்தாங்கொள்ளி எண்டு நினைப்பான்."

"நினைக்கட்டுமன். நினைச்சுக்கொண்டு நேர போவான். நீ அவன்ரை வாலிலை நிப்பாய்."

"அண்ணை நேர்முகம் கண்டா கிறுகிருவார்," என்றான் குலம். திரும்புவதற்கு அவர்கள் ஊரில் கிறுகுவது என்பார்கள். "மறுகா அந்த வெள்ளைக்காரன் இவரைத் தேடிக் களைச்சு வீட்ட போயிருவான். இது அண்ணைட கிறுகல்."

அண்ணையும் சிரித்தார். அவர் ஒருபோதும் கோபித்ததில்லை. பீட்சாக் கடை விளம்பரத்தாள் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இரண்டு அம்புகளைக் கீறினார். அவருடைய கோடுகள் அடிமட்டம் வைத்ததுபோல நேராக இருக்கும்.

"இஞ்சை பார். அவனுக்கும் அதே துவக்கு, உனக்கும் அதே துவக்கு. அதே தூரம். அதே செக்கன். ரண்டு பேருக்கும் அரைக்கு அரை. அரைக்கு அரை எண்டால் அது சண்டையில்லை, லொத்தர். நான் லொத்தர் எடுக்கிறேல்லை."

"பயம் எண்டு சொல்லுங்கோவன்."

"இன்னொண்டு. இது ரெலிபோன் வயராலை வாறது. நீ திரையிலை பாக்கிறது அவன் அரைச் செக்கனுக்கு முந்தி நிண்ட இடம். உன்ரை திரையிலை நீ தப்பியிட்டாய். அவன்ரை திரையிலை நீ செத்திட்டாய். எதை நம்புறது?"

உண்மையில் அண்ணை சொல்வதுதான் சரி. மாதக் கடைசியில் கொப்பியோடு ஒப்பிட்டுப் புள்ளிகளைப் பார்த்தால், மற்றவர்களை விழுத்தியதில் அவர்தான் கடைசி. ஆனால் அவர் விழுந்ததும் கிடையாது. மற்றவர்கள் சுடத் தொடங்கும் தூரம் வந்ததும் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துவார், ஒரு பக்கம் சரிவார், எதிரியின் வயிற்றுக்குக் கீழால் போய்விடுவார். பிறகு உயரத்துக்கு ஏறி ஒரு பெரிய வட்டம் அடிப்பார். அந்த வட்டத்தின் முடிவில் எதிரியின் வால் அவருக்கு முன்னால் இருக்கும். இருந்தாலும் அதிகம் சுடமாட்டார். வந்தபடியே போய்த் தன் ஓடுபாதையில் இறக்கிவிடுவார். "வீட்டை வந்திட்டன்," என்பார்.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுத்தான் சட்டைப் பைக்குள் கை விட்டார்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி. எனக்கு உண்மையிலையே ஒரு நேர்முகம் வந்திருக்கு."

குடிவரவு அலுவலகத்துக் கடிதம். அது வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டு நாளும் அது அந்தப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. மடிப்புகள் பஞ்சாகிப் போயிருந்தன. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீசுக் கடிதம் கண்டால் முதலில் முத்திரையைத்தான் பார்ப்பேன், பிறகுதான் எழுத்துத் தெரியும். ரஞ்சன்தான் வாங்கி வாசித்தான். மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. மிசிசாகாவில், விமான நிலையத்துப் பக்கம்.

விசயம் இதுதான். அவருக்கு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள், கொழும்பில் ஒரு வாடகை அறையில். வெளிக்கிடும்போது ஏஜென்சிக்காரன், தனியாள் என்று போடு, குடும்பம் என்றால் நூறு கேள்வி கேட்பார்கள், காட், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, கிடைத்த பிறகு மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறான். எங்களில் எத்தனையோ பேருக்கு அதைத்தான் சொன்னார்கள். அவரும் வந்து இறங்கிய அன்று, மணமாகாதவர் என்ற பெட்டிக்குள் ஒரு சரி போட்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு படிவத்திலும் முந்தியதற்கு ஒத்துப்போகவேண்டும் என்று அதே பெட்டிக்குள் அதே சரி. விசாரணையில் தனியாள். காட் கிடைத்தபோதும் தனியாள். அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட நாடு, அப்படி ஒரு மனைவியும் மகளும் இருப்பதாக அறியாது.

கடைசியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, இருவரையும் கூப்பிட மனுப் போட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஏன் முதலில் இல்லையென்று எழுதினாய் என்று நேரில் வந்து சொல்லவேண்டும். ஒத்துக்கொண்டால் மன்னித்துக் கூப்பிட விடலாம். அல்லது பொய் சொன்னவன் என்று அவருடைய காட்டையும் கிண்டத் தொடங்கலாம். வழக்கறிஞர் அரைக்கு அரை என்று சொல்லியிருந்தார். மகளுக்கு ஆடி மாதம் பத்தொன்பது முடிகிறது. முடிந்தால் பிள்ளை என்ற கணக்கில் சேர்க்கமாட்டார்கள். தாய் வந்தாலும் அவள் வர முடியாது.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு? போய்ச் சொல்லுங்கோ," என்றான் ரஞ்சன்.

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?"

எனக்கு எதிலும் முதலில் கெட்டதுதான் தெரியும். "பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால், அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கடிதத்தை வாங்கி, பஞ்சான மடிப்பிலேயே மறுபடி மடித்தார். நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அவருடைய குணம் அதுதான். எதையும் முகத்துக்கு முகம் சந்திக்கமாட்டார். தமிழ்க் கடையில் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். தெரிந்தவர் ஒருவர் எதிர்வரிசையில் தென்பட்டால், அதுவும் "குடும்பம் எப்ப வருகுது?" என்று கேட்கக்கூடியவராக இருந்தால், வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் நான் மிச்சச் சாமானுக்குக் காசு கட்டிவிட்டு வந்து பார்க்கிறேன், பனிக்குள் பஸ் தரிப்பில் நிற்கிறார்.

"அண்ணை, பாலைத் தூக்காமல் வந்திட்டியள்."

"பால் நாளைக்கும் விக்கும்."

அவர் வேலை செய்தது வாளி மூடிகள் செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில். போர்மன் அவருடைய ஓவர்டைம் மணித்தியாலங்களை இன்னொருவன் பெயரில் எழுதிக்கொண்டிருந்தான். எனக்கே தெரியும் அளவுக்கு வெளிப்படையாக. இவர் போய்க் கேட்கவில்லை. சனி ஞாயிறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார், அந்தப் போர்மன் இல்லாத நாட்கள். "நான் கதைச்சால் அவன் கதைப்பான். பிறகு நான் கதைக்கவேணும். அது எங்கை போய் முடியும்?" என்றார். கடைவாய்ப் பல் ஒன்று குத்தத் தொடங்கியபோது ஒரு வருடம் மற்றப் பக்கத்தால் சாப்பிட்டார். தெருவில் போகும்போதும் அப்படித்தான். நாய் கட்டியிருக்கும் வீடு வந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார். "சுத்திப் போனால் என்ன, பத்து நிமிசம் பிந்தும்," என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். உண்மையில் பத்து நிமிடம்தான் பிந்தியது. அந்த நாட்களில் எனக்கு அது பெரிய ஞானம்போலத் தெரிந்தது.

அவரோடு இருப்பதைப்போல் நிம்மதி வேறில்லை. இதையும் சொல்லவேண்டும். நான் இரவு முழுதும் பேக்கரியில் பாண் தட்டு இழுத்துவிட்டு விடிய வரும்போது, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பார். அறை வாடகையில், பாத்திரம் கழுவுவதில், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட எங்களுக்குள் சொல் தடித்ததில்லை. அடுப்பை அணைத்தேனா என்று நான் பாதிப் படியில் நின்று தவிக்கும்போது, பேசாமல் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதரிடம் யார்தான் குற்றம் காண்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் காட் சுரண்டிக் கொழும்புக்கு எடுப்பார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பேன். "பாப்பம்." "ஓமோம், செய்வம்." "அதுக்கு நேரம் இருக்கு." அவர் பக்கத்திலிருந்து வருவது இந்த மூன்று சொல்தான். கடிதம் வந்த பிறகு ஒருநாள், அவர் குளிக்கப் போயிருந்த நேரம் மனைவியே எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, இவரைத் தனிய விடாதையுங்கோ. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஓம் அக்கா."

"அவர் வாசலிலை நிண்டு திரும்பியிடுவார். எனக்குத் தெரியும். எங்கடை கலியாணப் பேச்சுக்கும் அப்பிடித்தான் திரும்பினவர். தமையன்தான் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தது."

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சத்தியம்போல, "நான் கட்டாயம் போவன் அக்கா," என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்தேன். அவர் குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, ரஞ்சனிடம் இரவல் வாங்கிய கழுத்துப்பட்டியும் கட்டி, கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் இருந்தார். முடி நன்றாகப் படிய வாரியிருந்தார். ஒரு பாடசாலை அதிபரைப்போல இருந்தார்.

"நான் முகம் கழுவிப்போட்டு வாறன், அண்ணை."

"நீர் படுத்திரும், தம்பி. விடிய விடிய நிண்டனீர்."

"அக்காவுக்குச் சொன்னனான்."

"நீர் வந்தால் எனக்கு இன்னும் பதட்டம். உம்மடை முகத்தைப் பாத்தால் அந்த ஒவ்வீசருக்கே பயம் வரும்."

நான் சிரித்தேன். பச்சையாகச் சொன்னால், எனக்குள்ளே ஒரு பாரம் இறங்கியது. அந்தக் கட்டடத்துக்குள் போய், வரிசையில் இருந்து, பெயர் கூப்பிடும்வரை அவருக்குப் பக்கத்தில் காத்திருப்பதை நினைத்து நினைத்தே நான் இரண்டு கிழமை தூங்கவில்லை. அவர் கதவைச் சாத்தும் சத்தத்தோடு படுத்துவிட்டேன். ஜன்னலால் எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால், அவர் மிசிசாகாப் பக்கம், மேற்கே போகும் பஸ்ஸில் ஏறுகிறாரா, மார்க்கம் வீதியில் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறுகிறாரா என்று தெரிந்திருக்கும்.

பின்னேரம் ஆறு மணிபோல வந்தார். கழுத்துப்பட்டி கையில் இருந்தது.

"போனியளே?"

"போனன்."

"என்ன சொன்னவை?"

"இருத்தினவை. கேட்டவை. சொன்னன். எழுதுவினமாம்."

அவ்வளவோடு நிற்கவில்லை. அன்று அவர் வழக்கத்துக்கு மாறாக நிறையக் கதைத்தார். ஒவ்வீசர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். மேசையில் ஒரு பூஞ்செடி, தண்ணீர் இல்லாமல் வாடி இருந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டாள். "பயத்திலை எழுதினன் எண்டு சொன்னன். கண்ணாடியைக் கழட்டினாள். பிறகு, எனக்கு விளங்குது எண்டாள்." சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. குலம் கீழே இறங்கிப்போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். ரஞ்சன் போனில், "பாத்தியளே அண்ணை, நேர போனால் ஒண்டும் நடக்காது," என்றான். அவர் கொழும்புக்கு எடுத்து, கண்ணாடி நூல், வாடிய செடி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் மனைவிக்குச் சொன்னார். அந்தப் பக்கத்தில் அழுவதும் சிரிப்பதுமாக ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு மகள் வாங்கிப் பேசினாள். இங்கே குளிருக்கு என்ன சப்பாத்து வேண்டும் என்று கேட்டிருக்கவேண்டும். "இஞ்சை வந்து வாங்கலாம் பிள்ளை," என்றார்.

அந்த மாதத்துப் பில் சித்திரை முடியும்போது வந்தது. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி நாங்கள் நான்கு பேர். ரஞ்சன் பில்லையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரி பார்த்துக்கொண்டு வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"உது ஆர்? செவ்வாய்க்கிழமை. காலமை ஒன்பது இருபதுக்கு ஏறி, பின்னேரம் நாலரை மட்டும். கொப்பியிலை இல்லை."

திகதியைச் சொன்னான். நான் குலத்தைப் பார்த்தேன். குலம் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஞ்சன் கணக்குக்குள் போய் அன்றைய புள்ளிகளைத் திரைக்குக் கொண்டுவந்தான்.

"ஏழு மணித்தியாலம் பத்து நிமிசம். விழுத்தினது பூச்சியம். விழுந்தது பூச்சியம். ஒரு குண்டுகூடச் சுடேல்லை. என்ன செய்தது, சுத்திச் சுத்திப் பாத்துக்கொண்டு இருந்ததே?"

சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவனுடைய காதுகள் சிவந்ததை நான் கண்டேன். அப்படிப் பறக்கிறவர் எங்களில் ஒருவர்தான். எங்கள் நான்கு பேருக்கும் அந்த நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணை கதிரையில் இருந்தபடியே இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார். யாராவது கேட்டால் சொல்லுவார்போல இருந்தது; கேட்காவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டார்போலவும் இருந்தது.

எனக்கு அந்தச் சத்தமில்லாமல் இருப்பதைத் தாங்க ஏலவில்லை.

"நான்தான்," என்றேன்.

"நீயோ? நீ பேக்கரியாலை வந்து படுத்திருப்பாய்."

"நித்திரை வரேல்லை. எழுத மறந்துபோனன்."

ரஞ்சன் என்னைப் பார்த்தான். நேர்முகம் என்றால் எங்கேயும் விலகாத ரஞ்சன், பேனையைத் திறந்து என் பெயருக்கு நேரே எழுதினான். அப்போதுதான் அண்ணை வாய் திறந்தார்.

"ஓம், தம்பி எனக்குச் சொன்னவன்," என்றார்.

குலத்துக்கு எதற்கும் ஒரு பகிடி இருக்கும். அன்று இருக்கவில்லை. எழுந்துபோய் சப்பாத்துப் போட்டுக்கொண்டான்.

திரும்பும் பஸ்ஸில் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஆடி மாதத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வழக்கறிஞருடைய நம்பர் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. காய்ச்சல், வருத்தம் என்று சொல்லி இன்னொரு திகதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அதைக் கேட்கவேண்டுமென்றால் முதலில், "அண்ணை, நீங்கள் போகேல்லைத்தானே?" என்று நான் கேட்கவேண்டும். ஐந்து சொல்லும் இல்லை. பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. அடுத்த தரிப்பில் கேட்கலாம், அடுத்த தரிப்பில் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "தம்பி, வழுக்கும், பாத்து," என்றார். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. பனி போய் ஒரு மாதம்.

அதன் பிறகு நாங்கள் அந்த அறையில் முன்னைப்போலவே இருந்தோம். பிளாஸ்கில் தேத்தண்ணி இருந்தது. வைகாசியில் குடிவரவுக் கடிதம் ஒன்று வந்ததையும் நான் கண்டேன். தபால் பெட்டியிலிருந்து எடுத்து அவர் தலையணைக்கு மேல் வைத்தவனே நான்தான். அது பிறகு எங்கே போனதென்று தெரியாது. அதில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. இப்போதும் என்னை அரிப்பது அந்தக் கண்ணாடி நூலும் வாடிய செடியும்தான். அவை எங்கிருந்து வந்தன? காலையிலிருந்து பின்னேரம்வரை அந்த ஆகாயத்தில், யாரும் ஏறிவராத உயரத்தில் வட்டமடித்துக்கொண்டு, அவர் அந்த நேர்முகத்தை முழுவதுமாக நடத்தி முடித்திருக்கவேண்டும். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. அங்கே அவருக்கு விளங்கக்கூடிய ஓர் ஒவ்வீசர் இருந்தாள். நேரே போயிருந்தாலும் அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம். அரைக்கு அரை.

ஆனி மாதக் கடைசியில் அவர் அறையைக் காலி செய்தார். நான் வேலையில் இருந்தபோது. மொன்றியல் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்று இரண்டு வரி, நேரான எழுத்தில், அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார். அடுத்த மாத வாடகையின் தன் பங்கை அதன் கீழே வைத்திருந்தார். விலாசம் இல்லை.

ஆடி முதல் கிழமையில் மகள் போன் எடுத்தாள். அவளோடு நான் அதுவரை பேசியதில்லை.

"அங்கிள், அப்பா நிக்கிறாரோ?"

"வேலைக்குப் போட்டார், பிள்ளை."

"அங்கிள், ஒண்டு கேக்கட்டே? அப்பா அண்டைக்கு உண்மையிலையே போனவரோ?"

சின்னப்பிள்ளை. எங்கள் நான்கு பேருக்கும் வராத கேள்வி அவளுக்கு வந்தது. வயரில் அவள் மூச்சு விடுவது கொஞ்சம் பிந்திப் பிந்திக் கேட்டது. பக்கத்தில் தாய் நிற்கிறாள் என்றும் தெரிந்தது.

"ஓம் பிள்ளை. போனவர்."

"அப்ப ஏன் ஒரு கடிதமும் வரேல்லை?"

"எழுதுவினமாம்," என்றேன்.

அவள் சரி என்றாள். தாங்ஸ் அங்கிள் என்றும் சொன்னாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் ரஞ்சன் கொம்பியூட்டரை விற்றுவிட்டான். கணக்கை மூடும்போது எல்லோருடைய பங்கையும் கூட்டிச் சொன்னான். குலம் கொடுத்தான். நானும் என்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து. ரஞ்சன் காசை எண்ணி, அந்த ஒரு வரிக்கு உரியதை மட்டும் பிரித்து என் கைக்குள் திருப்பி வைத்தான்.

"உது இருக்கட்டும், மச்சான்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இப்போதும் கலியாண வீடுகளில் காண்கிறோம், வீட்டு விலை, முழங்கால் வலி எல்லாம் கதைக்கிறோம். அந்தக் கொப்பியில் என் பெயருக்கு நேரே அது வெட்டப்படாமல் நிற்கிறது: பதினான்கு டொலர் முப்பத்து மூன்று சதம்.